தென்காசிக்கு வந்த சுமினா

எனக்கு அது ஊருக்குப் போவது. என் மனைவிக்கும் மைத்துனனுக்கும் அது வெளிநாட்டுப் பயணம். விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரே வேனில் இப்படி இரண்டு ரகப் பயணிகள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது ஆரியங்காவு தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. நான் ஒவ்வொரு வளைவிலும் "இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் "எது?" என்று ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே வந்தார்கள். ஒரு வயது மகள் மட்டும் அம்மா மடியில் நிம்மதியாகத் தூங்கினாள்.

செங்கோட்டை மர வியாபாரி ஒருவருக்காகக் கானா நாட்டில் குமாசி என்ற நகரத்தில் இருந்து தேக்கு வாங்கி அனுப்புகிற வேலை எனக்கு. மரம் வாங்கப் போன இடத்தில் பெண்ணும் எடுத்துக்கொண்டேன். அவள் பெயர் அபேனா. செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்று அர்த்தம். அவள் தம்பி குவாமே, சனிக்கிழமை பிறந்தவன். அவர்கள் அகான் மக்கள். அங்கே பிறந்த கிழமைதான் முதல் பெயர். அதை யாரும் வைக்க வேண்டியதில்லை, பிள்ளையோடு சேர்ந்து வந்துவிடும். எட்டாம் நாள் பிள்ளையை வெளியே கொண்டுவந்து வெளிச்சம் காட்டும்போது வைப்பது இரண்டாவது பெயர். அதை வைக்கிற உரிமை அப்பனுக்கு.

மகளுக்குக் காது குத்துவதற்காக வந்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று குவாமேயிடம் சொன்னபோது, விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை. அவர்கள் ஊரில் தாய்மாமன் அப்பனுக்கும் ஒரு படி மேலே. "பின்னே வேறு யார் மடியில் உட்காருவாள்?" என்று கேட்டான். லாரி ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டான். ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மலையிறக்கத்தில் வேன் டயர் பஞ்சராகிவிட்டது. டிரைவர் ஜாக்கியை எடுத்தார். அது ஏறுவேனா என்றது. எங்களுக்குப் பின்னால் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகள் ஹாரனாலேயே எங்கள் வம்சத்தை விசாரித்தன. குவாமே இறங்கினான். சாலையோரம் கிடந்த ஒரு மரத்துண்டை உருட்டி வந்து முட்டுக் கொடுத்தான். நாலைந்து லாரிக்காரர்களைச் சைகையாலேயே கூப்பிட்டுத் தூக்கச் சொன்னான். டயர் மாறியது. கிளம்பும்போது ஒரு லாரிக்காரர் அவன் முதுகில் தட்டி, "நம்மாளுதாம்ல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் குவாமேக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

புளியறையில் சாப்பிட நிறுத்தினோம். பரோட்டாவும் கோழிச் சால்னாவும் வந்தன. குவாமே மூன்று விரலால் பிய்த்து, தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். அபேனாவுக்கு மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, பார்த்ததும் பிறந்த வீட்டு ஆளையே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் அதை அவித்து உரலில் இட்டு இடித்துக் களியாக்கிச் சாப்பிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்து நம் வீட்டுச் சாப்பாடா!" என்று தம்பியிடம் தங்கள் பாஷையில் சொன்னாள்.

கல்லாவில் இருந்த அண்ணாச்சி பிள்ளையைக் கொஞ்ச வந்தார். "குட்டி பேரு என்ன?"

"சுமினா."

"நல்லாருக்கே! என்ன அர்த்தம்?"

"ஆப்பிரிக்கப் பேரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். சுமினா என்றால் குப்பைமேடு.

இவளுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தவளுக்கு அஃப்ரியே என்று பெயர் வைத்தேன். நல்ல நேரத்தில் வந்தவள் என்று அர்த்தம். அவள் தவழக்கூட இல்லை. அடுத்தவனுக்கு ஞாமெச்சே. கடவுள் கொடுத்தது. கொடுத்தவரே எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் இப்படித் தங்காமல் போனால், அடுத்து வருகிற பிள்ளைக்கு அங்கே அழகான பெயர் வைக்கமாட்டார்கள். குப்பைமேடு என்பார்கள், அடிமை என்பார்கள், வந்து நில் என்று கெஞ்சலையே பெயராக வைப்பார்கள். சாவு வந்து எட்டிப் பார்த்தால், இது யாருக்கும் வேண்டாத பண்டம் என்று நினைத்து முகம் சுளித்துத் திரும்பிவிட வேண்டும். இவளுக்கு நானும் குப்பைமேடு என்றே வைத்தேன். எட்டாம் நாள் விடிகாலையில் இவளை வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் ஒரு துணி விரித்துக் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், "இங்கே யாரோ எதையோ எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று சத்தமாகச் சொல்லி எடுத்து வந்து கொடுத்தார். அப்போது நான் அழுதேன். என் மனைவி வீட்டார் அதைச் சடங்கு தெரியாத வெளியூர்க்காரனின் அழுகை என்று நினைத்தார்கள். எனக்குச் சடங்கு நன்றாகவே தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாரல் பிடித்திருந்தது. செங்கோட்டை தாண்டித் தென்காசிக்குள் நுழைந்தபோது அபேனா கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். மழையா, பனியா என்று கேட்டாள். ரெண்டும் இல்லை, இதுதான் நாங்கள் பெருமை பீற்றுகிற காற்று என்றேன்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் வேன் திரும்பியதும் நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். எதிரே, வீட்டு உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். தாமரைப்பூவுக்குள் கிரீடம் வைத்து என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்ட குவாமே கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் கும்பிட்டவனில்லை. எவனோ கையை வெட்டி ஒட்டியிருந்தான். குவாமே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய்ப் பேனருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

அபேனா சிரிக்கவில்லை. பிள்ளையின் படத்துக்குக் கீழே பெரிதாக இருந்த எழுத்தைக் காட்டினாள். "அது என்ன?"

"பெயர்."

"சுமினா என்று எழுதியிருக்கிறதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து புதைத்த ஆளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "யாழினி என்று இருக்கிறது. அக்கா வைத்த பெயர். யாழ் என்பது பழைய காலத்து வாத்தியம். இனிமையானவள் என்று அர்த்தம்."

அவள் பிள்ளையின் தலையை முந்தானைக்குள் இழுத்து மூடினாள். "நல்ல நேரத்தில் வந்தவள் போனாள். கடவுள் கொடுத்தவன் போனான். இப்போது இனிமையானவளா? தெருமுனையில் படம் போட்டு, கிரீடம் வைத்து?" என்றாள். பிறகு மெதுவாக, "சாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று எனக்கு யார் உறுதி கொடுப்பார்கள்?" என்றாள்.

அக்கா வாசலிலேயே நின்றாள். என் அக்கா கோமதி போலீஸில் ஏட்டு. தெருவே அவளை ஏட்டம்மா என்றுதான் கூப்பிடும். ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து, "வாட்டி ராசாத்தி" என்று அபேனாவைக் கட்டிக்கொண்டாள். அபேனாவும் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது என்பது அன்றைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அடுத்த நாள் குவாமேயை ஊர் காட்டக் கூட்டிப்போனேன். அபேனா வரவில்லை. பேனர் இருக்கிற தெருவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு நடக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

கோயில் வாசலில் நுழையும்போதே எதிர்க்காற்று குவாமேயைப் பின்னால் தள்ளியது. எல்லோரையும் தள்ளுகிற காற்றுதான். அவன் அதைத் தனக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டான். வெளியே பூக்கட்டுகிற பெண்ணிடம் அவன் பெயரின் அர்த்தத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். "சனிக்கிழமையா? அதையா பேரா வச்சிருக்காவ?" என்று அவர் பதறிவிட்டார். சனி என்றால் இங்கே எப்படி என்று குவாமேக்கு விளக்கினேன். அவன் விடவில்லை. "எங்கள் ஊரில் கடவுளே சனிக்கிழமைக்காரர். அவர் பெயரும் குவாமேதான் என்று சொல்." சொன்னேன். அந்த அம்மாள் யோசித்து, "பெருமாளுக்கும் சனிக்கிழமைதான லா" என்று சமாதானமாகி, ஒரு முழம் பூவைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

அதற்குள் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் தங்கள் கிழமைப் பெயர் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்காரிக்கு அஃபியா, புதன்கிழமைக்காரனுக்கு குவாக்கு என்று குவாமே பிரசாதம் மாதிரி வழங்கினான். வேடிக்கை என்னவென்றால் பாதிப் பேருக்குத் தங்கள் கிழமை தெரியவில்லை. நட்சத்திரம் தெரிகிறது, பாதம் தெரிகிறது, என்ன கிழமை என்று கேட்டால் மேலே பார்க்கிறார்கள். குவாமேக்கு அதை நம்பவே முடியவில்லை. பிறந்த கிழமை தெரியாமல் இவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டான்.

வீடு திரும்பியதும் அடுக்களையில் அக்காவைப் பிடித்தேன். பேனரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். சுமினா என்றால் என்ன அர்த்தம் என்று போனிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். தோசைக்கரண்டியோடு திரும்பினாள்.

"எதுக்குலே கழத்தணும்? அந்தப் பேரு பிள்ளைக்கு வேணாம். பள்ளிக்கூடத்துல என்ன பாடு படுத்துவானுவன்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாத்தியாரு ஆஜர் எடுக்கும்போது ஒரு வகுப்பே சிரிக்கும். காகிதத்தக் கசக்கி எம்மேல எறிவானுவ. குப்பைய குப்பையிலதான போடணும்பானுவ."

இப்போது சொல்லிவிடுகிறேன். அக்காவின் பிறப்புப் பெயர் கோமதி இல்லை. போலீஸில் சேர்ந்ததும் முதல் வேலையாக முறைப்படி மாற்றிக்கொண்ட பெயர் அது. பழைய பெயரை அன்றிலிருந்து வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. அப்பா அம்மா சாகும்வரை சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை, அபேனாவிடம்கூட. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இருந்த முடிச்சு ஒரே நிமிடத்தில் அவிழ்ந்திருக்கும். ஆனால் அது அக்காவின் ரகசியம். அவள் பூட்டி வைத்ததை நான் எப்படித் திறப்பது? அபேனாவின் பயம் நியாயம், அக்காவின் கோபமும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மத்தளமாக நான்.

மறுநாள் அக்கா எல்லோரையும் குற்றாலத்துக்குக் கிளப்பினாள். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து ஆட்டோவில் ஏழு பேர் ஏறினோம். டிரைவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார். இதற்கு எங்கள் ஊரில் ஆட்களை அடைத்து ஓட்டுகிற டிரோட்ரோ வேனே தேவலை, அதில் ஓட்டுநருக்கு இடம் உண்டு என்றான் குவாமே.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் குவாமேயின் தோள்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவுக்கும் எண்ணெய் கட்டுப்படியாகாதே என்று கவலைப்பட்டார். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு அவனைப் படுக்கப்போட்டுத் துவைத்து எடுத்தார். அருவிக்கடியில் நின்றபோது குவாமே ஓவென்று கத்தினான். பக்கத்தில் நின்றவர்களும் கத்தினார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் அக்கா அபேனாவின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் கூட்டிப்போவது தெரிந்தது. ஏட்டம்மாவின் குரலுக்குக் கூட்டம் தானாக விலகியது. பிள்ளையை நான் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் நனைந்த சேலையோடு, பற்கள் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்ததை அப்போதுதான் பார்க்கிறேன்.

கடையோரம் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். பிள்ளை ஒரு தும்மல் போட்டாள். சாரலில் எல்லாப் பிள்ளையும் தும்மும். அபேனாவின் கையிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்துவிட்டது. பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "சுமினா, சுமினா, அசிங்கமே, குப்பையே" என்று அவள் பாஷையில் வேகவேகமாகச் சொன்னாள். காற்றில் யாரோ நிற்பதைப் போல அந்தப் பக்கம் பார்த்து, கேட்கும்படி சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் அக்கா.

மறைக்காமல் சொன்னேன். முதலிரண்டு பிள்ளைகளின் பெயர்களை, அவற்றின் அர்த்தத்தை, அவை இருந்த கொஞ்ச காலத்தை எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் போன சேதி அக்காவுக்குத் தெரியும். அபேனா அதை எப்படிச் சுமக்கிறாள் என்பதை அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அக்கா கூந்தலைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "முருகேசா, அவகிட்ட சொல்லு. எம் பேரு கோமதி இல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"சொல்லுலே. எம் பேரு குப்பம்மா. எனக்கு முன்ன ரெண்டு பிள்ள தங்கல. நான் பொறந்ததும் எருக்குழியில கொண்டு போட்டாவ. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டு வந்தா. எங்கம்மா அவகிட்ட ஒரு படி தவிட்டக் குடுத்து என்னைய வாங்கினா. ஒண்ணு விடாம சொல்லு."

ஒன்று விடாமல் சொன்னேன். அபேனா இமைக்காமல் கேட்டாள். முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்புறம் என்ன ஆயிற்று?"

"அப்புறம் என்ன, இருக்கேன்லா!" என்றாள் அக்கா. "அம்பது தாண்டியாச்சு. ரெண்டு பிள்ள பெத்தேன். திருட்டுப்பய ஒருத்தன பஸ் ஸ்டாண்டுலருந்து மேம்பாலம் வரை விரட்டிப் புடிச்சிருக்கேன். சுகர் மட்டும் கொஞ்சம் உண்டு."

அபேனா எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஈரக் கையால் அவள் முகத்தைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். நரைத்த முடியை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். "ஒரு சுமினாவுக்கு நரைக்குமா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சுமினாக்கள் எல்லாம் பிள்ளைகள். நரைத்த ஒரு சுமினாவை அவள் அன்றுவரை பார்த்ததில்லையாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எட்டாம் நாள் அப்பன் தன் ஆட்களில் மரியாதையானவர் ஒருவரின் பெயரைத்தானே வைக்க வேண்டும். நீ அப்படித்தான் வைத்திருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை?" எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா குப்பையைச் சுமந்து பிழைத்துக் காட்டினாள். அதனால் வீட்டில் பயம் விட்டுப்போனது. அதற்குப் பிறகு பிறந்த எனக்கு முருகேசன் என்று நல்ல பெயர் கிடைத்தது. அவள் வாங்கிய அடிக்கு நான் அனுபவித்த நிழல் அது. இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அங்கேயே, பஜ்ஜிக் கடை வாசலில் சொல்லிவிட்டேன். "சரி சரி, மூக்கத் தொடச்சிக்கலே" என்றாள் அக்கா.

ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக்குள் போகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகத் தெருமுனைக்குப் போய் பேனரின் கயிற்றை அறுத்தாள். குவாமே தன் படம் இருந்த துண்டை மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டான்.

காதுகுத்து எங்கள் சாஸ்தா கோயிலில் நடந்தது. மலையடிவாரம், நல்ல காற்று. மொட்டை போட்டுச் சந்தனம் பூசியதும் மகள் பித்தளைச் செம்பு மாதிரி மின்னினாள். குவாமே வேட்டி கட்டி, மேலே அவர்கள் ஊர்க் கட்டம்போட்ட பட்டுத் துணியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். அவன் கொண்டுவந்த தோடு கைமாறிக் கைமாறிச் சொந்தக்காரர்களிடம் பரிசோதனைக்குப் போய், அசல் என்ற சான்றோடு ஆசாரியிடம் வந்து சேர்ந்தது.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டாள். அதைவிடச் சத்தமாகக் குவாமே வீறிட்டான். தாய்மாமன் அழுதால் யோகம் என்று யாரோ புதிதாக ஒரு சாஸ்திரம் சொன்னார்கள்.

அத்தைதான் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அக்கா குனிந்தாள். முதல் முறை அவளுக்கே கேட்டிருக்குமா தெரியாது. இரண்டாம் முறை எனக்குக் கேட்டது. மூன்றாவது முறை நிமிர்ந்து, ரோட்டில் லாரியை நிறுத்துகிற குரலில் சொன்னாள்: "குப்பம்மா!"

ஏட்டம்மா முன்னால் அந்தப் பெயரைச் சொல்லும் தைரியம் அங்கே ஒருவருக்கும் இருந்ததில்லை. அபேனா மட்டும் அதைத் திருப்பிச் சொன்னாள், சுத்தமாக, ஒரு எழுத்து பிசகாமல். அவள் தமிழில் சொன்ன முதல் சொல் அதுதான்.

எங்கள் பெரியப்பா மகன் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா நீயி, அழகா ஒரு பேரு வச்சிருந்தியே. இதப் போயி வைக்கியே, நாளைக்கு இவ பெரியவளாகி நம்மளத் திட்டமாட்டாளா?"

அக்கா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காதிலிருந்து வழிந்த ஒரு துளி ரத்தத்தைச் சேலை நுனியால் ஒற்றினாள்.

"திட்டட்டும்லே" என்றாள். "நானும் திட்டத்தான் செஞ்சேன். பேரப் புடிக்கலன்னா அவளே மாத்திக்கிடட்டும். அந்த வயசுக்கு வரணும்லா."